அட்டையை எழுதியது யார்?

வேலையில்லாத் திண்டாட்டத்தை முக்கால் மணி நேரத்தில் உண்டாக்கி, மணி அடித்ததும் ஒழித்துவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது, தோழர்களே! கல்லூரி வகுப்பறைதான் அது. மாணவர்களில் பாதிப் பேரை முதலாளிகளாக்குகிறார்கள்; மீதிப் பாதியைத் தொழிலாளிகளாக்குகிறார்கள். ஆளுக்கொரு அட்டை. தொழிலாளியின் அட்டையில், "இதற்குக் குறைந்து கூலிக்குப் போகாதே" என்று ஓர் எண். முதலாளியின் அட்டையில், "உனக்குக் கிடைக்கும் ஆள் இவ்வளவு சம்பாதித்துத் தருவான், அதற்கு மேல் கொடுத்தால் நஷ்டம்" என்று ஓர் எண். ஆசிரியர் கையைத் தட்டுகிறார். பேரம் துவங்குகிறது. கூலிச் சந்தை என்றால் என்ன என்று புத்தகம் முந்நூறு பக்கத்தில் சொல்வதை, மாணவன் நின்ற இடத்திலேயே பட்டுத் தெரிந்துகொள்கிறான்.

பிள்ளை விளையாட்டைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று ஆலை வாயிலில் நிற்கும் தோழர் கேட்கலாம். அந்த மாணவன்தான் நாளை கூலிக் கமிட்டியில் உட்காரப் போகிறான், வரவு செலவுத் திட்டத்திற்குக் குறிப்பு எழுதப் போகிறான், பத்திரிகையில், "கூலியை உயர்த்தினால் வேலை போய்விடும், ஜாக்கிரதை!" என்று நமக்கு உபதேசம் செய்யப் போகிறான். "யாரோ சொன்னதல்ல, என் கண்ணால் கண்டேன்" என்றும் சொல்வான். எங்கே கண்டான்? அந்த முக்கால் மணி நேர வகுப்பிலே! ஆகவே அங்கே என்ன நடக்கிறது என்று நாமும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வித்தையைத் துவக்கி வைத்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகப் பேராசிரியர் எட்வர்டு சேம்பர்லின். தம் மாணவர்களிடம் அட்டைகளைக் கொடுத்து, அறையெங்கும் நடந்து பேரம் பேசச் செய்து, அதன் விளைவுகளை 1948-ல் கட்டுரையாக வெளியிட்டார். (நம் நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1948-ல்தான். இரண்டுக்கும் உறவு ஏதுமில்லை. ஆனால் பின்னால் இரண்டும் ஒரே மேடையில் மோதிக்கொண்டன.) சந்தை ஏட்டுச் சுரைக்காய் போல நடப்பதில்லை என்று காட்டுவதே சேம்பர்லினின் நோக்கம். அப்படியேதான் நடந்தது. கோட்பாடு சொன்ன அளவைவிட அதிகமான பேரங்கள் முடிந்தன. விலையும் ஆளுக்கு ஆள் மாறியது.

அந்த வகுப்பில் மாணவராக இருந்தவர் வெர்னன் ஸ்மித். அப்போது அதை அவர் பெரிதாக மதிக்கவில்லை. பின்பு பர்டியூ பல்கலைக் கழகத்தில் ஆசிரியரான பிறகு, 1956-ல் அதே விளையாட்டை இரண்டு மாற்றங்களோடு ஆடிப் பார்த்தார். மூலைக்கு மூலை இருவர் இருவராகக் குசுகுசுப்பதை நிறுத்தி, கேட்பதையும் கொடுப்பதையும் எல்லார் காதிலும் விழும்படி கூவச் செய்தார். ஒரு சுற்றோடு நிறுத்தாமல், மறுநாள் சந்தை, அதற்கு மறுநாள் சந்தை என்று திரும்பத் திரும்ப நடத்தினார். என்ன ஆச்சரியம்! விலை மெல்ல மெல்லப் புத்தகம் சொன்ன இடத்திலேயே வந்து நின்றது. 1962-ல் இதை வெளியிட்டார். 2002-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். அதே மாதிரி மாணவர்கள், அதே மாதிரி அட்டைகள். பேரம் மறைவில் நடந்தால் ஒரு முடிவு. அம்பலத்தில் நடந்தால் வேறு முடிவு. பக்கத்து ஆள் என்ன கூலி வாங்குகிறான் என்பது தெரிவதும் தெரியாததும் எவ்வளவு பெரிய காரியம் பாருங்கள்! "உன் சம்பளத்தை வெளியே சொல்லாதே" என்று சில நிறுவனங்கள் காகிதத்தில் கையெழுத்து வாங்குவது வெறும் மரியாதைக்காகவா?

இனி, குறைந்தபட்சக் கூலிக்கு வருவோம். வழக்கமாக வகுப்பில் ஆடப்படும் ஆட்டம் இதுதான். எண்கள் நாம் போட்டவை. தோழர்கள் காகிதத்தில் எழுதிச் சரிபார்க்கலாம். எட்டுத் தொழிலாளிகள். அவர்களுடைய அட்டைகளில் 200, 300, 400 என்று ஏறி 900 ரூபாய் வரை. எட்டு முதலாளிகள், ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் தேவை. அவர்களுடைய அட்டைகளில் 1100, 1000, 900 என்று இறங்கி 400 வரை. கூவிப் பேரம் பேசவிட்டால், சில சுற்றுகளில் கூலி 600-க்கும் 700-க்கும் இடையில் வந்து நிலைக்கும். ஐந்து பேருக்கு வேலை கிடைக்கும். மூலைக்கு மூலை பேசவிட்டால், 600 ரூபாய் அட்டைக்கார முதலாளி, 200 ரூபாய் அட்டைக்காரனை மடக்கி 400-க்கு முடித்துவிடுவார். 800 கேட்கும் ஆளும் எங்கோ ஒரு பணக்கார முதலாளியைப் பிடித்துக்கொள்வார். சேம்பர்லின் கண்ட அதிகப் பேரங்கள் இப்படி முளைத்தவைதான்.

இப்போது ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார்: "குறைந்தபட்சக் கூலி 800 ரூபாய். இதற்குக் கீழே பேரம் செல்லாது." உடனே வேலைக்கு ஏழு பேர் கை தூக்குகிறார்கள். ஆள் எடுக்கக்கூடிய முதலாளிகளோ நான்கே பேர். அதிலும் ஒருவருக்கு லாபம் பூஜ்யம். மூன்றோ நான்கோ பேருக்கு வேலை. மீதிப் பேர் தெருவில்! ஆசிரியர் புன்னகையோடு திரும்புகிறார். "பார்த்தீர்களா? ஏழைக்கு உதவப் போய் ஏழையைத்தான் கெடுத்தது சட்டம்." வேலையிழந்த மாணவன் தலையாட்டுகிறான். மணி அடிக்கிறது. அவன் சிற்றுண்டிச் சாலைக்குப் போய்க் காப்பி குடிக்கிறான்.

கணக்கில் பொய்யில்லை. அதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எண்களை அப்படிப் போட்டால் விடை அப்படித்தான் வரும். தியோடர் பெர்க்ஸ்ட்ரம், ஜான் மில்லர் என்ற இருவர் 1990-களில் வெளியிட்ட பாடநூலில் அத்தியாயத்துக்கு ஒரு விளையாட்டு. குறைந்தபட்சக் கூலிக்கும் ஒன்று உண்டு. நல்ல நூல்தான். குறை நூலில் இல்லை. எட்டு முதலாளிகள் ஒருவரோடொருவர் போட்டி போட்டு ஆளைத் தேடி அலைகிற சந்தையை மட்டும் காட்டிவிட்டு, உலகமெங்கும் இதுதான் என்று சொல்லி அனுப்புகிறார்களே, அங்கேதான் நமக்குச் சங்கடம்.

அட்டையை மாற்றுவோம். ஊருக்கு ஒரே ஆலை. ஒரே முதலாளி. ஆள் ஒவ்வொருவரும் அவருக்கு 900 ரூபாய் சம்பாதித்துத் தருகிறார்கள். தொழிலாளிகள் ஏழு பேர். அட்டைகளில் 200 முதல் 800 வரை. விதி ஒன்று: ஒரே வேலைக்கு ஒரே கூலி, எல்லாருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும். முதலாளி கணக்குப் போடுகிறார். 400 கொடுத்தால் மூன்று பேர் வருவார்கள், லாபம் 1500. 500 கொடுத்தால் நான்கு பேர், லாபம் 1600. 600 கொடுத்தால் ஐந்து பேர் வருவார்கள். லாபமோ 1500-க்கு இறங்கிவிடும். ஏன்? ஐந்தாவது ஆளுக்கு 600 கொடுப்பதோடு போகவில்லை. ஏற்கெனவே இருக்கும் நான்கு பேருக்கும் நூறு நூறு கூட்டவேண்டி வருகிறது. 900 சம்பாதிக்கும் ஆளுக்கு 1000 ரூபாய் செலவு! ஆகவே நான்கு பேரோடு கதவைச் சாத்திவிடுகிறார். ஐந்தாவது ஆள் 600 ரூபாய்க்கு உழைக்கத் தயார். 900 ரூபாய்க்கு உழைக்கக்கூடியவர். ஆனாலும் அவருக்கு வேலையில்லை. எந்தச் சட்டமும் இல்லாத சந்தையிலே இந்தக் கொடுமை!

இப்போது கரும்பலகையில் எழுதுங்கள்: குறைந்தபட்சக் கூலி 700. என்ன நடக்கிறது? 700-க்கு ஆறு பேர் வரத் தயார். முதலாளிக்கு இனி ஐந்தாவது ஆளை எடுத்தாலும் 700தான், ஆறாவது ஆளை எடுத்தாலும் 700தான். பழைய ஆட்களுக்குக் கூட்டிக் கொடுக்கும் பயமில்லை, ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஒவ்வொருவராலும் 200 லாபம். ஆறு பேரையும் எடுத்துக்கொள்கிறார். கூலி 500-லிருந்து 700 ஆயிற்று. வேலை நான்கிலிருந்து ஆறாயிற்று. குறைந்தது ஒன்றே ஒன்று: முதலாளியின் லாபம், 1600-லிருந்து 1200-க்கு. அவர் பட்டினி கிடக்கவில்லை.

சட்டத்தில் 950 என்று எழுதினால்? ஒருவருக்கும் வேலையில்லை, ஆலையே மூடிவிடும். கூலியை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் தோழரும் கணக்குப் படிக்கவில்லை என்றுதான் பொருள். எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதற்கு விடை, அந்த ஊரில் முதலாளிகள் எத்தனை பேர், தொழிலாளி ஒரு வாயிலை விட்டு இன்னொரு வாயிலுக்குப் போக முடியுமா என்பதைப் பார்த்துத்தான் கிடைக்கும்.

இந்த இரண்டாவது கணக்கு புதிதா என்றால், இல்லை. கேம்பிரிட்ஜ் பேராசிரியை ஜோன் ராபின்சன் 1933-லேயே எழுதி வைத்தது. வாங்குகிறவன் ஒருவனே என்ற நிலைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரையும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அவருக்கு நோபல் பரிசு கடைசிவரை கிடைக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் பல ஆண்டுகளாக அது பாடநூலின் மூலையில், விதிவிலக்கு என்ற பெயரில் ஒதுங்கிக் கிடந்தது. வகுப்பறை அட்டைகளிலும் முதல் கணக்கே ஆட்சி செய்தது.

பிறகு வகுப்பறைக்கு வெளியே நிஜமான சோதனை ஒன்று தானாகவே வாய்த்தது. 1992 ஏப்ரல் முதல் நாள், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரண்டு பேராசிரியர்கள் எல்லைக்கு இருபுறமும் இருந்த 410 துரித உணவுக் கடைகளை, உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். முதல் கணக்கின்படி நியூ ஜெர்சியில் வேலை குறைந்திருக்க வேண்டும். குறைந்ததற்கு அடையாளம் காணோம் என்று 1994-ல் எழுதினார்கள்.

எழுந்ததே கூச்சல்! 1986-ல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் புக்கானன், தண்ணீர் மேட்டை நோக்கி ஓடும் என்று சொல்வதற்கு ஒப்பானது இது என்று 1996-ல் பத்திரிகையில் சீறினார். நியூமார்க், வாஷர் என்ற இருவர் கடைகளின் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு ஆராய்ந்து, இல்லை, வேலை குறைந்தது என்றார்கள். கார்டும் குரூகரும் அரசாங்கப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்து, 2000-ல் மறுபடி பதில் சொன்னார்கள். வாதம் முற்றும் முடிந்துவிட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். பொருளாதாரத்தில் எந்த வாதம் முடிந்திருக்கிறது? ஆனால் 2021-ல் நோபல் பரிசில் ஒரு பாதி டேவிட் கார்டுக்கு வந்தது. குரூகர் 2019-லேயே இறந்துவிட்டார். தண்ணீர் மேட்டுக்கு ஓடவில்லை. ஆனால் தரை எப்படிச் சரிந்திருக்கிறது என்பதை அளந்து பார்க்காமல் பேசியவர்கள் யார் என்பது தெரிந்துபோயிற்று.

வகுப்பறைச் சோதனைகளும் அங்கேயே நிற்கவில்லை. அந்தப் பேராசிரியர்களை எல்லாம் முதலாளியின் கையாட்கள் என்று ஒரே கோலில் அளப்பது தவறு. வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஃபெர், கிர்ஷ்டைகர், ரீடல் என்ற மூவர் 1993-ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஆட்கள் அதிகம், இடங்கள் குறைவு. கூலியை ஒப்புக்கொண்ட பிறகு, எவ்வளவு பாடுபடுவது என்பது தொழிலாளியின் இஷ்டம். குறைவாகப் பாடுபட்டால் தண்டனை கிடையாது, அதிகம் பாடுபட்டால் அவருக்குத்தான் செலவு. பழைய கோட்பாடு என்ன சொல்லும்? தொழிலாளி சோம்புவான், அது தெரிந்த முதலாளி அடிமட்டக் கூலி கொடுப்பான் என்று சொல்லும். நடந்தது வேறு. முதலாளிகளாக உட்கார்ந்த மாணவர்கள் அடிமட்டத்துக்கு மிக மேலே கொடுத்தார்கள். தொழிலாளிகளாக உட்கார்ந்தவர்கள் கூலி ஏற ஏற அதிகம் பாடுபட்டார்கள். வாயிலில் வேலையில்லாதார் கூட்டம் நின்றும் கூலி அடிமட்டத்துக்குச் சரியவில்லை.

உடனே துள்ளிக் குதித்துவிட வேண்டாம். க்னீசி, லிஸ்ட் என்ற இருவர் இதை நிஜ வேலையில் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். நூலகத்தில் புத்தக விவரங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் வேலை. மணிக்கு 12 டாலர் என்று அழைத்து, சிலருக்கு மட்டும், "உங்களுக்கு 20" என்றார்கள். முதல் ஒன்றரை மணி நேரம் சுறுசுறுப்பு. அதன்பின் இரு சாராரும் ஒரே மாதிரி. மனம் குளிர்ந்து கொடுத்த கூலி உணவு இடைவேளை வரைதான் தாங்கியது! தர்மப் பிரபுவான முதலாளியின் நல்லெண்ணத்தை நம்பிக் கூலிக் கொள்கை வகுக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நமக்கு இவை எல்லாவற்றிலும் மேலாகப் பட்டது வேறொன்று. ஃபால்க், ஃபெர், செண்டர் என்ற மூவர் 2006-ல் வெளியிட்ட சோதனை. அதில் தொழிலாளிகளுக்கு, "இதற்குக் குறைந்து போகாதே" என்ற எண்ணை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எந்தக் கூலிக்கு ஒப்புக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்ய விட்டார்கள். சில சுற்றுகளுக்குப் பிறகு குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. உடனே தொழிலாளிகள் கேட்கும் கூலி ஏறியது. சட்டம் சொன்ன அளவுக்கும் மேலே கேட்டார்கள். சட்டம் சொல்வது அடித்தளம்தானே, அதையே கொண்டு வந்து நியாயம் என்று நீட்டுவதா என்ற எண்ணம் அவர்களுக்கு வந்துவிட்டது. பிறகு சட்டத்தை நீக்கினார்கள். கேட்ட கூலி பழைய இடத்துக்கு இறங்கவில்லை!

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், தோழர்களே. முதல் ஆட்டத்தில் ஒரு தொழிலாளியின் அட்டையில் 200 என்று இருந்ததே, அதை எழுதியது ஆசிரியர். வாழ்க்கையில் அதை எழுதுவது யார்? வீட்டில் இருக்கும் அரிசி எழுதுகிறது. வட்டிக்காரன் எழுதுகிறான். நேற்று பக்கத்து ஆள் என்ன கூலிக்குப் போனார் என்ற செய்தி எழுதுகிறது. சங்கம் இருக்கிறதா என்பது எழுதுகிறது. சட்டமும் எழுதுகிறது. பாடநூலோ, அந்த எண் ஆளோடு பிறந்தது போல, மச்சத்தைப் போலக் காட்டிவிட்டுக் கணக்கைத் துவங்குகிறது.

அட்டையில் எண் மட்டுமல்ல, நிறத்தையும் எழுதி ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு. ஃபிரையர், கோரி, ஹோல்ட் என்ற மூவர் 2005-ல் அதைப் பற்றி எழுதினார்கள். தொழிலாளி மாணவர்களில் சிலருக்கு ஊதா, சிலருக்குப் பச்சை என்று பெயர். திறமைக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. பணம் செலவழித்துப் படிப்பதா வேண்டாமா என்று தொழிலாளி முடிவு செய்வார். முதலாளிக்குத் தெரிவது நிறமும், அவ்வளவாக நம்ப முடியாத ஒரு தேர்வு முடிவும் மட்டுமே. துவக்கச் சுற்றுகளில் ஒரு நிறத்தார் ஏதோ காரணத்தால் குறைவாகப் படித்துவிட்டால் போதும். முதலாளி அந்த நிறத்தை ஒதுக்கத் துவங்குவார். ஒதுக்கப்படுகிறவன், படித்து என்ன பயன் என்று படிப்பை விடுவான். "பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான்" என்பார் முதலாளி. ஊதாவும் பச்சையும் அமெரிக்க வகுப்பறையின் நிறங்கள். நம் ஊரில் அதற்கு என்னென்ன பெயர்கள் என்று நாம் எழுத வேண்டியதில்லை.

ஆகவே இந்த விளையாட்டை வெறுக்கக் காரணமில்லை. நாமே ஆடிப் பார்க்கலாம் என்பதுதான் நம் யோசனை. ஆலை வாயில் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினாலும் பதியாதது, ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் பதினைந்து துண்டுக் காகிதங்களால் பதியும். செலவு கிடையாது. மேலே நாம் போட்ட ஒரே முதலாளி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் கணக்கு எழுதும் தோழர் முதலாளியாக உட்காரட்டும். அவருக்குத்தான் கை கூசாது. முதல் சுற்றில், தொழிலாளிகள் ஒருவர் அட்டையை ஒருவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. ஒரே கூலி என்ற விதியையும் நீக்கிவிடுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே அறைக்குள் கூப்பிட்டு முடிவு செய்யட்டும். 200 அட்டைக்காரர் 200-ம் சில்லறையுமாக வெளியே வருவார். இரண்டாவது சுற்றில் சட்டத்தை எழுதி வையுங்கள், 700 என்று. மூன்றாவது சுற்றில் சட்டத்தை அழித்துவிட்டு, அறைக்குள் போகுமுன் ஏழு பேரும் பத்து நிமிடம் கூடிப் பேசலாம் என்று மட்டும் சொல்லுங்கள். என்ன கூலிக்கு முடிந்தது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, கூடிப் பேசிவிட்டு யார் முதலில் தனியே அறைக்குள் நழுவினார் என்பதை ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். ஆட்டம் முடிந்த பிறகு முதலாளியாக உட்கார்ந்த தோழரிடம், மூன்றாவது சுற்றில் கதவைத் திறக்கும்போது மனத்தில் என்ன ஓடியது என்று மறக்காமல் கேளுங்கள்.